பழைய ஃபிளாட்டை ஏன் கடைசியில் பார்க்கிறோம்?

சென்னையில் வீடு வாங்கப்போவதாக வாய் திறந்தால் போதும். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் "மனையா வாங்கிப் போடு, மண்ணுதான் ஏறும்" என்பார்கள். மீதிப் பேர் புது ஃபிளாட் விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார்கள். பத்துப் பதினைந்து வருடமான ஃபிளாட்டையும் பாரேன் என்று யாரும் சொல்வதில்லை. வாடகை கொடுத்துக்கொண்டே மாதச் சம்பளத்தில் வீடு தேடுகிற குடும்பம் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான் என்பது என் கட்சி.

வீடு பார்க்கும் முன் கைப்பணத்தைப் பார்த்துவிடலாம். ரிசர்வ் வங்கியின் வரம்புப்படி, கடன் 30 லட்சத்துக்குள் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கிடைக்கும். அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். அதையும் தாண்டினால் 75 சதவீதம். பத்திரச் செலவு இந்த மதிப்பில் சேராது. ஆக, 80 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 64 லட்சம் கடன் கிடைத்தாலும் 16 லட்சமும் பதிவுச் செலவும் உங்கள் கையிலிருந்துதான் வரவேண்டும். வட்டிக்கு வரிச்சலுகை இருக்கிறதே என்று கணக்குப் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: புதிய வருமான வரி முறைக்கு மாறியிருந்தால், நாம் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவு கிடையாது.

அதே 80 லட்சத்தை மூன்று வகை ஃபிளாட்டில் வைத்துப் பார்ப்போம். வழிகாட்டி மதிப்பு இதைவிடக் குறைவு என்று கொள்வோம். அதிகமாக இருந்தால் அதன் மேல்தான் கணக்கு. பழைய ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 7.2 லட்சம். முதல் விற்பனையாக வரும் புது ஃபிளாட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து தீர்வை குறைவு: 50 லட்சம் வரை 4 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம். பதிவுக் கட்டணத்தையும் சேர்த்தால் 5.6 லட்சம்தான். ஆனால் கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால் 5 சதவீத ஜிஎஸ்டி, அதாவது இன்னொரு 4 லட்சம், மேலே ஏறும். (45 லட்சத்துக்குள் விலையும், சென்னையில் 60 சதுர மீட்டருக்குள் கார்பெட் ஏரியாவும் இருந்தால் 1 சதவீதம்.) நிறைவுச் சான்றிதழ் வந்த பிறகு வாங்கினால் ஜிஎஸ்டியே இல்லை. கட்டி முடித்தும் விற்காமல் பில்டர் கையில் தங்கிப்போன ஃபிளாட்டுக்குத்தான் வரிச்செலவு மிகக் குறைவு. விளம்பரத்தில் அது முன்னால் வராது. நீங்களாகத்தான் கேட்க வேண்டும்.

கட்டுமானத்தில் இருக்கும் வீட்டின் உண்மையான விலை காத்திருப்புதான். ஒரு கையால் வாடகை, மறு கையால் வட்டி. 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம் ஓரளவு காப்பு கொடுக்கிறது. வாங்குவோர் கட்டும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கான தனிக் கணக்கில் இருக்க வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. ஒப்படைத்து ஐந்து வருடத்துக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையை பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மிகாமலோ கட்டுபவர் ரெராவில் பதிய வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு முளைக்கும் ஒரு கிரவுண்ட், இரண்டு கிரவுண்ட் கட்டடங்கள் பெரும்பாலும் இப்படி விடுபட்டவை. பரப்பளவையும் கேட்டுத் தெளியுங்கள். 1,200 சதுர அடி என்பார்கள். மாடிப்படி, லிஃப்ட், வராந்தாவெல்லாம் போக உள்ளே பல நேரம் 850, 900தான் மிஞ்சும்.

மனையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குடியிருக்க ஏற்கெனவே வீடு இருப்பவருக்கும், இரண்டு மூன்று வருடத்தில் கட்டத் தெம்புள்ளவருக்கும் அது சரி. மற்றவர்கள் வாடகையும் கொடுத்து, மனைக் கடனும் கட்டி, வேலி போட்டு, போய்ப் போய்ப் பார்த்துவர வேண்டும். சிஎம்டிஏ அல்லது டிடிசிபி அனுமதி எண் இல்லாத மனை எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்" என்பது மனைப்பிரிவுக்கு அனுமதியே ஆகாது.

இனி பழைய ஃபிளாட். கட்டடத்துக்கு வயதாகும், அடியில் உள்ள நிலத்துக்கு ஆகாது. ஆகவே முதல் கேள்வி யுடிஎஸ் எவ்வளவு என்பதுதான். ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், ஆறு ஒரே அளவு வீடுகள் என்றால் ஒவ்வொருவருக்கும் 400 சதுர அடி நிலப் பங்கு. இன்றைய உயரமான அடுக்ககங்களில் அதே அளவு வீட்டுக்கு இதில் பாதிகூடத் தேறாமல் போகலாம். 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்ககச் சட்டத்தில், உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் கட்டடத்தை இடித்துத் திரும்பக் கட்டலாம். அப்போது பேரம் பேச உங்களிடம் இருப்பது அந்த நிலப் பங்குதான்.

பழைய வீட்டின் பெரிய வசதி, அது எதையும் மறைக்க முடியாது. கார்த்திகை மழையில் போய்ப் பாருங்கள், தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறதென்று தெரியும். சித்திரையில் போனால் போர் வற்றி லாரி வருகிறதா என்பது தெரியும். முடிச்சூர், வேளச்சேரிப் பக்கம் தேடுபவர்கள் 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று எதிர்வீட்டில் கேட்கலாம். புரோக்கரிடம் கேட்டுப் பயனில்லை. மொட்டை மாடிக்குப் போய் விரிசலையும், கடலோரப் பகுதியானால் தூண்களில் கம்பி துருத்திக்கொண்டு நிற்கிறதா என்பதையும் பாருங்கள். சங்கத்தில் மெயின்டனன்ஸ் பாக்கி எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்தால், நாளை லிஃப்ட் பழுதானால் என்ன நடக்கும் என்பது புரிந்துவிடும். அனுமதி வரைபடத்தில் இரண்டு மாடி, நேரில் மூன்று மாடி என்றால் அந்த மூன்றாவது மாடி வீட்டை விட்டுவிடுங்கள்.

பத்திர விஷயத்தில் நான்கு வகைக்கும் வேலை ஒன்றேதான்: தாய்ப் பத்திரத்திலிருந்து இன்றுவரை தொடர்ச்சி, முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா. வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிட வேண்டாம். பதிவான பரிவர்த்தனைதான் அதில் வரும். கையெழுத்துப் போடாத வாரிசும், பதியாத உயிலும் வராது. விற்பவரின் அப்பா பெயரில் வந்த சொத்தென்றால் வாரிசுச் சான்றிதழைக் கேட்டு, அதிலுள்ள ஒவ்வொரு பெயரும் கையெழுத்துப் போடுகிறதா என்று பாருங்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளின் பெயர்தான் பெரும்பாலும் விடுபடும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீத டிடிஎஸ் பிடித்துக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டில் குடியிருந்தால் பிடித்தம் இதைவிட அதிகம். ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

"இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கு, ஒரு லட்சம் டோக்கன் போட்டுடுங்க" என்று நெருக்குவார்கள். வக்கீலின் கருத்து எழுத்தில் வரும்வரை டோக்கன் வேண்டாம். அட்வான்ஸ் கொடுக்கும்போது, வங்கி இந்தச் சொத்துக்குக் கடன் மறுத்தால் பணம் இத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்ற வரியை அக்ரிமென்ட்டில் எழுதி வாங்குங்கள். அந்த வரிக்கு விற்பவர் ஒப்பவில்லையா, அடுத்த வீட்டைப் பாருங்கள்.