நானூறு வருடம் உழுத இயந்திரம்

கேள்வி: என் மகன் 'க்ரோனோ ட்ரிகர்' என்ற பழைய ஜப்பானிய விளையாட்டைக் கணினியில் ஓயாமல் ஆடுகிறான். காலத்தில் பயணம் போவதில் அப்படி என்னதான் இருக்கிறது?
– ஒரு வாசகி, கம்பம்

பதில்: ஒருநாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், அம்மா. 1995 மார்ச்சில் சூப்பர் ஃபாமிகாமுக்கு வந்த விளையாட்டு அது. 'டிராகன் பால்' வரைந்த அகிரா தோரியாமாதான் பாத்திரங்களை வடிவமைத்தார். 2018ல் கணினிக்கு வந்தபோது எழுத்தும் படமும் சரியில்லை என்று ரசிகர்கள் கொதித்தார்கள், பிறகு வெளியிட்டவர்கள் திருத்தினார்கள்.

அதில் ஒரு பாலைநிலம் வரும். அதைக் காடாக்கத் தவிக்கும் பெண்ணுக்குத் துணையாக ரோபோ என்ற இயந்திரம் தங்கிவிடுகிறது. நண்பர்கள் கால ஊர்தியில் ஒரு நொடியில் 400 வருடம் தாண்டுகிறார்கள். ரோபோ மட்டும் அத்தனை வருடத்தையும் நாள் நாளாக உழுதே கடக்கிறது. போய் இறங்கினால், கண்ணுக்கு எட்டியவரை பச்சை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

வறண்ட நிலம் பச்சையாவதை உங்கள் ஊருக்கு விளக்க வேண்டுமா? 1895ல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே இறங்கியது. அந்தத் தண்ணீரைத் திருப்பிவிட்ட பென்னிகுயிக் பெயரை இன்றும் பிள்ளைகளுக்கு வைக்கிறீர்கள். அவருக்காகப் பொங்கல் வைக்கிறீர்கள். விளையாட்டில் ரோபோவின் அந்தக் காடு வந்துவிட்டதா என்று மகனிடம் கேளுங்கள். இன்னும் வரவில்லையென்றால், வரும்போது உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள்.