வீட்டில் சர்க்கரை பார்க்கும் முறையும் தொடர் பரிசோதனைகளும்

குளுக்கோமீட்டரில் சர்க்கரை பார்க்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பே அளவை வெகுவாகக் கூட்டிக் காட்டிவிடும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும். ரத்தம் வராவிட்டால் விரலைப் பிழியக் கூடாது. கையைச் சற்றுத் தொங்கவிட்டு மெல்ல நீவினால் போதும். ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடிவிட வேண்டும், ஈரக்காற்று பட்டால் ஸ்ட்ரிப் கெட்டுவிடும். ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்குப் பயன்படுத்தக் கூடாது, ஒரே குடும்பத்தினராக இருந்தாலும்.

வெறும் வயிறு என்றால் 8 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும், காபி உட்பட, உள்ளே போயிருக்கக் கூடாது. சாப்பிட்ட பின் பார்க்கும் 2 மணி நேரத்தை முதல் கவளத்திலிருந்து கணக்கிட வேண்டும். கை கழுவியதிலிருந்து கணக்கிடுவது பலரும் செய்யும் பிழை. பெரும்பாலான பெரியவர்களுக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரையும், சாப்பிட்ட பின் 180-க்குள்ளும் இருப்பது இலக்கு. முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இலக்கு வேறு. அதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

எண்ணை மட்டும் எழுதிய நோட்டு அதிகம் உதவாது. நேரம், சாப்பிட்டது, மாத்திரை அல்லது இன்சுலின், நடைப்பயிற்சி ஆகியவையும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நான்கு இட்லி சாப்பிட்ட நாளையும், இரண்டு இட்லியோடு சுண்டல் சாப்பிட்ட நாளையும் ஒப்பிட்டால், எந்த உணவு அளவை ஏற்றுகிறது என்று நோட்டே காட்டிவிடும்.

பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் வாயைக் கட்டினால் வெறும் வயிற்று அளவு நன்றாக வரக்கூடும். ஹெச்பிஏ1சி என்னும் ரத்தப் பரிசோதனை அப்படி ஏமாறாது. சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை அளப்பதால் அது சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும். பலருக்கு 7 சதவீதத்துக்குக் கீழே இருப்பது இலக்கு. கட்டுப்பாட்டில் உள்ளவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறையும், மற்றவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பார்க்க வேண்டும். ரத்தசோகை இருந்தால் இந்த அளவு தவறலாம் என்பதால் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

வியர்வை, நடுக்கம், படபடப்புடன் அளவு 70-க்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. உடனே 15 கிராம் குளுக்கோஸ் பொடி அல்லது சர்க்கரையைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். வோக்லிபோஸ் மாத்திரை எடுப்பவருக்குச் சாதாரணச் சர்க்கரை மெதுவாகத்தான் வேலை செய்யும். அவர் குளுக்கோஸ் பொடியையே கையில் வைத்திருப்பது அவசியம். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

கண்ணின் விழித்திரை, சிறுநீரில் அல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின் ஆகியவற்றை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். இரண்டாம் வகை நீரிழிவு நோயில் கண் பரிசோதனையை நோய் தெரிந்த உடனேயே தொடங்கிவிட வேண்டும். பார்வை தெளிவாக இருக்கிறதே என்று தள்ளிப்போடுவது ஆபத்து.

பாதத்தை மட்டும் தினமும் பார்க்க வேண்டும். நரம்பு மரத்த காலில் முள் குத்தினாலும் தெரியாது. கோயில் பிராகாரத்தின் வெயில் கல்லில் நடந்து கொப்புளம் வந்த பின்னரே சிலர் கவனிக்கிறார்கள். உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தும் விரலிடுக்கை விரித்தும் பார்க்க வேண்டும். புண்ணோ நிறமாற்றமோ கண்ணில் பட்டால் மஞ்சளும் எண்ணெயும் தடவிக் காத்திராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆணிக்காலை வீட்டில் பிளேடால் சீவவே கூடாது.