மிலாற்றில் எழுதிய டயகம

இலங்கை மலையகத்து டயகமவில் கையால் எழுத்துச் செய்யத் தொடங்குகிறவர்களுக்கு ஊரின் பெயரே முதல் பாடம். ட, ய, க, ம. கொம்பில்லை, கால் இல்லை, புள்ளி இல்லை. நான்கும் அகரம் ஏறிய எழுத்துகள். ட, ய இரண்டும் நேர்க்குச்சியிலேயே முடிந்துவிடும். ம-வுக்கு ஒரு வளைவு போதும். க மட்டும்தான் நம்மைச் சோதிக்கும்.

தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராச் சுவரில் மாட்டுவதற்காக இந்தப் பெயரை நான் கவ்வாத்து மிலாற்றில் செய்தேன். அந்தப் பிள்ளைகளின் தாய்மார் நாள் முழுக்கக் கை வைக்கிற தேயிலைச் செடியைக் கவ்வாத்தில் வெட்டிவிடும்போது விழும் கிளை அது. வாங்கி வந்த பிளாஸ்டிக் எழுத்தில் அந்த உறவு இல்லை.

கையில் கிடைத்ததை எழுத்தாக்குவது தமிழுக்குப் புதிதுமல்ல. 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் தரங்கம்பாடிக்கு வந்தன. அவை மிகப் பெரிதாக இருந்ததால் காகிதத்தை விழுங்கின. இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டியை மூடி வந்த ஈயத்தை உருக்கி, தரங்கம்பாடியிலிருந்த மிஷனரிமார் அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். நாம் தொடங்கவேண்டியதும் அந்த இடத்தில்தான்: எழுத்தின் அளவு.

சீமெந்துத் தரையில் கரித்துண்டால் ஓர் அடி உயரத்துக்கு இரண்டு கோடு இழுங்கள். அவற்றுக்குள் நான்கு எழுத்தையும் எழுதுங்கள். எழுத்துக்கு எழுத்து மூன்று விரல் இடைவெளி. இருபது அடி தள்ளி நின்று வாசித்துப் பாருங்கள். திருத்துவதென்றால் இப்போதே திருத்திவிடவேண்டும். குச்சி கட்டிய பிறகு திருத்த முடியாது.

அடுத்தது மிலாறு. நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறைதான் ஒரு மலைக்குக் கவ்வாத்து வரும். வெட்டி இரண்டு நாளுக்குள் போனால் குச்சியில் ஈரம் இருக்கும், வளைத்தால் முறியாது. கங்காணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுங்கள். சின்னக் கிளையும் இலையும் மண்ணுக்கு உரம், தடித்தது அடுப்புக்கு விறகு. இரண்டுக்கும் கணக்குப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நமக்குச் சுண்டுவிரல் பருமனில் ஒரு கட்டுப் போதும். அண்மையில் மருந்தடித்த மலை என்றால் விட்டுவிடுங்கள்.

ட-வுக்கு இரண்டு குச்சியைக் கட்டலாம். ஆனால் கொஞ்சம் பொறுமையாகத் தேடினால் ட தானாகவே கிடைக்கும். பல கவ்வாத்துக் கண்ட கிளை பழைய வெட்டுக்குக் கீழே பக்கவாட்டில் முழங்கை மாதிரி மடங்கியிருக்கும். அந்த மடிப்பில் பட்டை சுருங்கி, வெட்டுத் தழும்பு ஒரு கண் போலத் தெரியும். அப்படி ஒன்று கிடைத்தால் சீவாதீர்கள், பட்டையோடு அப்படியே வையுங்கள். என் பலகையில் ஆகச் சிறந்த எழுத்து அதுதான்.

ய என்பது அடிக்குச்சி ஒன்று, நிற்கும் குச்சி மூன்று. நடுக்குச்சி பளிச்சென்று தெரியவேண்டும், இல்லாவிட்டால் தூரத்திலிருந்து ப ஆகிவிடும். ம-வுக்கு முதலில் ட போட்டு, அதன் வலப்பாதியில் ஒரு வளைவை வாசல் மாதிரி நிறுத்துங்கள்.

க-வின் இடப்பக்க வயிற்றுக்கும் வலப்பக்க வளைவுக்கும் மிலாறு இணங்காது. உடைந்துபோன பழைய கொழுந்துக் கூடை ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அதன் பிரம்பை உருவி ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்தால் இழுத்த பக்கம் வரும். வேண்டிய வடிவத்துக்கு வளைத்து, போத்தலைச் சுற்றிக் கட்டிக் காயவிட்டால் அந்த வளைவு நிலைத்துவிடும். கூடை கிடைக்காதவர்கள் மெல்லிய மூங்கில் பிளாச்சை இதேபோல ஊறவைக்கலாம்.

கட்டுவதற்குப் பழைய சணல் சாக்கைப் பிரித்த நூல். மூலைக்கு மூலை குறுக்காக மூன்று சுற்று, எதிர்ப்பக்கம் மூன்று சுற்று, பிறகு இரண்டு குச்சிக்கும் நடுவே இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கவேண்டும். இந்தக் கடைசி இரண்டு சுற்றுத்தான் எழுத்தை ஆடாமல் வைத்திருக்கும்.

எழுத்தைப் பொருத்தும் பின்னட்டைக்கு, தேயிலைத்தூள் அடைக்கும் தடித்த காகித மூடை கிழிந்தது கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கடைகளில் எறியும் அட்டைப்பெட்டியை மூன்று அடுக்காக ஒட்டுங்கள். பசைக்கு ஒரு கோப்பை கோதுமை மா, ஐந்து கோப்பை தண்ணீர். கட்டி தட்டாமல் கிண்டி, கொதித்து இறக்கும்போது ஒரு தேக்கரண்டி படிகாரத்தூள் போடவேண்டும். படிகாரம் போடாமல் ஆடி மழையில் நான் ஒட்டிய முதல் அட்டை பத்தே நாளில் பச்சைப் பூசணம் பிடித்துவிட்டது. நாலாயிரம் அடிக்கு மேலே, மூட்டம் இறங்குகிற ஊரில், பசை வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்வதே புத்தி. மழைக்காலத்தில்தான் முடியும் என்றால் அடுப்புக்கு மேலே பரணில் காயவையுங்கள்.

பின்னட்டைக்கு நிறம் ஏற்ற மை வேண்டும். இரண்டு சுண்டு தேயிலைச் சக்கையை ஒரு லீற்றர் தண்ணீரில் போட்டுக் காற்பங்காகச் சுண்டவையுங்கள். ஒரு போத்தலில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு, மூழ்கும் அளவுக்கு வினாகிரி ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். மூடியை இறுக்காதீர்கள், காற்று வெளியேறவேண்டும். வடித்த சாயத்தில் இந்த ஆணித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள். தேன் நிறச் சாயம் கண்ணெதிரே கருக்கும். தேயிலையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காக எழுதிய மையும் மாசிக்காயின் துவர்ப்பையும் இரும்பையும் சேர்த்துச் செய்ததுதான். துணியில் பட்டால் போகாது. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

சின்னப் பிள்ளைகள் விரலால் தடவிப் பார்க்கத் தனி எழுத்துகளும் செய்யலாம். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்த மரியா மொண்டிசோரி, சொரசொரப்பான எழுத்தை விரலால் தடவிப் பழகும் முறையை அதற்கு முன்பே வகுத்திருந்தார். உப்புத்தாளுக்கு இங்கே செலவழிக்கத் தேவையில்லை. உள்ளங்கை அளவு அட்டையில் பசையால் எழுத்தை வரைந்து, அது உலர்வதற்குள் சலித்த ஆற்று மணலைத் தூவித் தட்டிவிடுங்கள். எழுத்து எழுதும் திசையில் விரல் போகவேண்டும், அதனால் தொடக்க இடத்தில் ஒரு யூகலிப்டஸ் காயை ஒட்டிவையுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்தவர்கள் வாயில் போட்டுக்கொள்வார்கள், அவர்களுக்குக் காய் வேண்டாம். பிறகு க், ம் என்று மெய்யெழுத்துக்குப் போகும்போது அதே காயே புள்ளியாகும்.

உரப்பையையும் மருந்து வந்த கேனையும் இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும் சரி.

பலகையை இஸ்தோப்பில் சாரல் அடிக்காத பக்கமாக, சுவரோடு ஒட்டாமல் அரை அங்குலம் விட்டு மாட்டுங்கள். பதினைந்து நாளில் மிலாறு காய்ந்து சிறுக்கும், கட்டுகள் தளரும். என் பலகையில் ம-வின் வளைவு நழுவி விழுந்து, ஒரு காலை ‘டயகட’ என்று நின்றது. எழுத்துக்கூட்டப் பழகிய ஒரு பிள்ளைதான் அதைக் கண்டு சொன்னாள். அதனால் பலகையை ஒருமுறை இறக்கி எல்லா முடிச்சையும் இறுக்கி, நூலின் மேல் பசையை மெல்லிசாகத் தடவிவிடுங்கள். மழை தொடங்கும் முன் வருடத்துக்கு ஒரு தடவை இதைச் செய்தால், அடுத்த கவ்வாத்து வரைக்கும் தாங்கும்.