கிண்ணம் வென்ற கழகம் ஏன் மூடப்பட்டது?

உதைபந்தாட்டத்துக்கும் எமது வியாபாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதுவும் அமெரிக்காவில் பெண்கள் ஆடும் ஆட்டம். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், இது வாடகைக் கடையின் கதைதான்.

மிசூரி மாநிலத்தின் பெரிய நகரம் கன்சாஸ் சிட்டி. அமெரிக்கப் பெண்கள் லீக் 2013இல் ஆரம்பமானபோது அங்கும் எஃப்சி கன்சாஸ் சிட்டி என்றொரு தொழில்முறைக் கழகம் களமிறங்கியது. எங்கள் பாஷையில் சொன்னால் சரக்கு முதல்தரம். 2014, 2015 ஆகிய இரண்டு வருடங்களும் தொடர்ந்து சம்பியன். இரு இறுதி ஆட்டங்களிலும் தோற்றது சியாட்டில் அணி. கழகத்தின் மூன்று கோல்களையும் அடித்தவர் ஏமி ரொட்ரிகஸ் என்ற ஒரே வீராங்கனை.

அந்தக் கழகம் 2017 முடிவில் மூடப்பட்டது. வீராங்கனைகள் யூட்டா மாநிலத்தின் புதிய கழகத்துக்குப் போனார்கள்.

காரணங்கள் பல இருக்கலாம். என் கண்ணில் படுவது இடம். ஐந்து வருடத்தில் மூன்று மைதானங்கள். முதலாவது பாடசாலை மாவட்டமொன்றின் மைதானம், அடுத்தது பல்கலைக்கழக மைதானம், கடைசியாக நாலாயிரம் பேர்கூட அமர முடியாத ஒன்று. ரசிகன் எங்கே தேடி வருவான்? பிரதான வீதியில் பதினொரு வருடம் வாடகைக்குக் கடை நடத்திய எனக்கு, கட்டடச் சொந்தக்காரர் மூன்று மாத அவகாசம் தந்து எழுப்பியது ஞாபகம் வருகிறது. பின்னால் ஒழுங்கைக்குள் போனேன். அதே துணி, அதே விலை. பாதி வாடிக்கையாளர் வரவில்லை.

இனி இரண்டாவது பாகம். 2020 டிசம்பரில் யூட்டா கழகத்தின் வீராங்கனைகள் திரும்பவும் கன்சாஸ் சிட்டிக்கே வந்தார்கள். புதிய முதலாளிகள் ஆஞ்சி லோங், அவரது கணவர் கிறிஸ் லோங், பிரிட்டனி மஹோம்ஸ். முதல் வருடம் பேஸ்போல் மைதானத்தில் ஆடி, லீக்கில் கடைசி இடம். ஆனாலும் முதலாளிகள் காசை இடத்தில் போட்டார்கள். முதலில் பயிற்சி நிலையம். பிறகு ஆற்றங்கரையில் துறைமுக அதிகார சபையிடம் 50 வருடக் குத்தகைக்கு நிலம் எடுத்து, 10 கோடி டொலருக்கு மேல் செலவழித்து, 11,500 ஆசனங்களுடன் மைதானம் கட்டினார்கள். அந்த லீக்கில் பெண்கள் அணிக்கென்றே கட்டப்பட்ட முதல் மைதானம் அதுதான். 2024 மார்ச்சில் திறந்தார்கள்.

குத்தகை எடுத்த விதத்தைக் கவனியுங்கள். நிலம் சொந்தமில்லை, ஆனால் எழுப்பிவிட ஆளில்லை. வாடகை மைதானத்தில் பெரும்பாலும் ரிக்கட் காசுதான் மிஞ்சும். தனது மைதானம் என்றால் சாப்பாட்டுக் கடையின் வருமானமும் விளம்பரப் பலகையும் தன்னுடையவை. பெயரைக்கூட விற்றார்கள்: ஒரு ரயில் கம்பனியின் பெயர்தான் மைதானத்துக்கு. கடன்பட்டு நாளைக்கே கட்டடம் வாங்குங்கள் என்று நான் சொல்லவரவில்லை. அவர்களிடம் கை நிறையக் காசிருந்தது, எம்மிடம் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் என்று எழுதிக் கேட்பதற்குக் காசு தேவையில்லை.

நல்ல இடத்துக்கு நல்ல ஆட்களும் வந்தார்கள். மலாவி நாட்டின் டெம்வா சாவிங்கா 2024இல் சேர்ந்து, அந்தப் பருவத்திலேயே 20 கோல்கள் அடித்தார். லீக்கில் அது சாதனை.

2025இல் புள்ளிப் பட்டியலில் கழகம் முதலிடம். பிறகு காலிறுதியில், சொந்த மைதானத்திலேயே, கோதம் அணியிடம் 1-2 எனத் தோற்றது. இரண்டு முறை லீக் சம்பியனான பழைய கழகம் இன்று இல்லை. அந்தக் கிண்ணத்தை 2025 வரை ஒரு முறைகூட வெல்லாத புதிய கழகம், தனது மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது.