வேனில் தணிக்கும் பூவும் வேரும்

நுழையும்முன்

பாலாற்றங்கரையில் அமைந்த வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் தொழிலால் உலகறிந்தவை. கடுங்கோடையால் தமிழகம் அறிந்தவை. அத்தொழிலுக்குத் துணைநின்ற காட்டுச் செடி ஒன்றே அக்கோடைக்கும் பானம் தந்தது. அச்செடியையும் அதன் தோழமைக் கொடியையும் அறிமுகப்படுத்துகிறது இப்பாடம்.

ஆவாரை

வறண்ட நிலத்திலும் சாலையோரத்திலும் தானே வளர்வது ஆவாரை. இதைச் சங்க இலக்கியம் ஆவிரை என்னும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் மலர்களுள் இதுவும் ஒன்று. இதன் பட்டையில் துவர்ப்புப்பொருள் மிகுதி. பச்சைத்தோல் அழுகாமல் காப்பது அத்துவர்ப்பே. குரோமிய உப்புகள் பரவுவதற்கு முன்பு, ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளில் தோல் பதப்படுத்தப்பட்டது. பட்டை தொழிலுக்குச் சென்றது. பூ வீட்டுக்கு வந்தது. மஞ்சள் பூக்களை நிழலில் உலர்த்தி, நீரிலிட்டுக் கொதிக்கவைத்து வடித்து, பனைவெல்லம் கலந்து ஆறவைத்துப் பருகுவர்.

நன்னாரி

சவ்வாது மலை, ஏலகிரி மலைப் பகுதிகளின் புதர்களில் படரும் மெல்லிய கொடி நன்னாரி. எதிரெதிராக அமைந்த ஒடுங்கிய இலைகளின் நடுவே வெண்ணிறக் கோடு தெரியும். கிள்ளினால் பால் வடியும். இதன் சிறப்பு வேரின் மணமே. அம்மணம் வேரின் பட்டையில் உள்ளது. நடுநரம்பு வெறும் கட்டை. எனவே வேரைக் கழுவி, இலேசாகத் தட்டி, நரம்பை நீக்குவர். பட்டையை வெந்நீரிலிட்டு மூடி, ஓர் இரவு ஊறவைப்பர். மறுநாள் வடித்த நீரைச் சர்க்கரைப் பாகில் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்குவர். நெடுநேரம் கொதித்தால் மணம் ஆவியாகிவிடும். இப்பாகில் சிறிது எடுத்து, மண்பானை நீரும் எலுமிச்சைச் சாறும் கலந்தால் நன்னாரி சர்பத் ஆகும்.

எடுப்பதில் அறம்

பூவைப் பறித்தால் செடி மீண்டும் பூக்கும். வேரை முழுதும் அகழ்ந்தால் கொடியே மடியும். ஆதலால் ஒரு பகுதி வேரை விட்டு, குழியை மண்ணால் மூடுவதே முறை. நன்கறிந்தவர் இனங்காட்டாத செடியைப் பறித்தலாகாது. காப்புக்காடுகளில் வனத்துறையின் அனுமதி வேண்டும். கழிவுநீர் பாய்ந்த நிலத்தில் வளர்ந்தவற்றையும் தவிர்க்க வேண்டும். அம்மண்ணிலுள்ள நஞ்சு வேரிலும் தங்கக்கூடும். பானத்தின் பெரும்பகுதி நீரே. நீர் கெட்டபின் நன்னாரியின் மணத்தால் பயனில்லை.

தெரிந்து தெளிவோம்

தோல் தொழிற்சாலைக் கழிவுநீரால் பாலாறு மாசுறுவதை எதிர்த்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குத் தொடுத்தது. உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. கேடு நேருமுன் காக்கும் முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் கூறுகள் என அத்தீர்ப்பு உறுதிசெய்தது.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் தானே வளரும் செடிகளுள் கோடைப் பானத்திற்குப் பயன்படுபவற்றை முதியோரிடம் கேட்டறிந்து, அவை வளரும் நிலத்தின் இன்றைய நிலையுடன் சேர்த்துக் கட்டுரை எழுதுக.