கறவைப் பசுவுக்குக் கறியுப்பு

கொட்டிலில் நிற்கும் பசு மண்ணை நக்குவதையும், மரக்கட்டையைக் கடிப்பதையும், வேறு மாட்டின் சிறுநீரைக் குடிக்க முந்துவதையும் கமக்காரர் கண்டிருப்பர். அதனைக் கெட்ட பழக்கமெனக் கருதி அடித்து விலக்குதல் தவறு. பல வேளைகளில் அப்பசு உப்பையே தேடுகின்றது.

நெல் வைக்கோலிலும் புல்வகைகள் பலவற்றிலும் பொற்றாசியம் மிகுதி. கறியுப்பிலுள்ள சோடியமோ குறைவு. கறக்கும் பாலுடனும் சோடியம் நாள்தோறும் வெளியேறுகின்றது.

சோடியத்தின் வேலை

சோடியம் குருதியில் நீரை நிறுத்தி வைக்கின்றது. அது மிகக் குறைந்தால் குருதியின் அளவு சுருங்கும், குருதியமுக்கமும் தாழும். இதைத் தடுக்க உடலிலேயே ஓர் ஒழுங்கு உண்டு. சிறுநீரகங்களை அடுத்துள்ள அதிரீனல் சுரப்பிகள் அல்டொஸ்தெரோன் என்னும் ஸ்தெரோயிட்டு ஓமோனைக் குருதியில் விடுகின்றன. 1953ஆம் ஆண்டிலே தூய நிலையிற் பிரித்தெடுக்கப்பட்ட இவ்வோமோனின் ஏவலால், சிறுநீரகங்கள் சோடியத்தை மீட்டுக்கொண்டு பொற்றாசியத்தை வெளியேற்றுகின்றன.

வளர்ந்த பசு நாளொன்றுக்கு 100 லீற்றர் வரையிலோ அதற்கு மேலோ உமிழ்நீர் சுரக்கும். உப்புப் பற்றாதபோது உமிழ்நீரிற் சோடியம் குறைந்து, அதனிடத்தைப் பொற்றாசியம் பெறும். அங்ஙனம் மீதமாகும் சோடியம் குருதிக்கு உதவும்.

ஆகவே, உப்புப் பெறாத பசு உடனே தளர்வதில்லை. இருப்பு நெல்லை அளந்து உண்ணும் குடும்பம் போலச் சில காலம் தாக்குப்பிடிக்கும். ஆனால் ஓமோன் உள்ள உப்பைக் காக்குமேயன்றிப் புதிதாக உப்பை ஆக்காது. குறை நீடித்தால் பசி குன்றும், பால் குறையும், உடல் மெலியும், உரோமம் முரடாகும். இந்நிலை வரும்வரை காத்திருத்தல் நட்டமாகும்.

செய்ய வேண்டியவை

1. கறவைப் பசுவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 கிராம் கறியுப்பைத் தவிட்டுடனோ புண்ணாக்குடனோ கலந்து கொடுக்க வேண்டும். கிணற்று நீர் உவராயின் இவ்வளவைக் குறைக்க வேண்டும்.

2. குடிக்க நல்ல நீர் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். நீர் பற்றாத இடத்தில் மிகுந்த உப்பு நஞ்சாகும். நெடுநாள் உப்புக் காணாத மாட்டின்முன் உப்பைக் குவித்து வைத்தலாகாது.

3. கன்று ஈனுங் காலம் நெருங்கிய பசுவுக்கு உப்பை மிகுதியாகக் கொடுத்தலாகாது, மடி வீங்கக்கூடும்.

4. உப்புக் கொடுத்த பின்னும் மண் நக்குதல் நீங்காவிடின், வேறு கனிப்பொருட் குறையோ குடற்புழுவோ காரணமாகலாம். மிருக வைத்தியரிடம் காட்டுக.