பதினான்கு நாளில் ஆஸ்திரேலியா: வகுப்பறையில் ஒரு பயணத் திட்டம்

எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா மூன்றும் ஒரே பாடமாக வருகின்றன. கிடைக்கும் பாடவேளைகளில் ஆஸ்திரேலியாவுக்கு வந்து சேரும்போது நமக்கும் மூச்சு வாங்கும், மாணவர்களுக்கும் கவனம் போயிருக்கும். தலைநகர் கான்பெரா, விலங்கு கங்காரு, வடகிழக்கே பெரிய தடுப்புப் பவளத்திட்டு என்று ஒரு பெயர்ப்பட்டியலோடு கண்டம் முடிந்துவிடுகிறது. மாணவர்களும் ஒப்பித்துவிடுகிறார்கள். ஆனால் சிட்னிக்கும் பெர்த்துக்கும் எவ்வளவு தொலைவு இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். என் வகுப்பில் வந்த பதில், "சென்னைக்கும் மதுரைக்கும் உள்ள தூரம் இருக்கும் சார்." உண்மையில் அது நேர்கோட்டிலேயே ஏறத்தாழ 3,300 கி.மீ. சென்னையிலிருந்து டெல்லிக்குப் பறக்கும் தொலைவைப்போல ஏறக்குறைய இருமடங்கு.

தொலைவு தெரியாமல் ஒரு நாட்டை அறிந்ததாகச் சொல்ல முடியாது. அதனால் இப்பாடத்தை மூன்று பாடவேளைகளுக்கு ஒரு பயணத் திட்டமாக மாற்றி நடத்தி வருகிறேன். மாணவர்களுக்குத் தரும் பணி இதுதான்: உங்களுக்கு 14 நாள்கள். நான்கு இடங்கள் மட்டும் தேர்ந்தெடுக்கலாம். அவற்றில் குறைந்தது ஒன்று நகரமாகவும், குறைந்தது இரண்டு இயற்கை அதிசயங்களாகவும் இருக்க வேண்டும். விட்டுவிட்ட இடங்களில் இரண்டுக்கு, ஏன் விட்டோம் என்று எழுத வேண்டும். இந்தக் கடைசி விதியில்தான் பாடமே இருக்கிறது. தேர்ந்தெடுத்த இடத்துக்கு "அழகாக இருக்கும்" என்று எழுதித் தப்பித்துவிடலாம். விட்ட இடத்துக்குக் காரணம் எழுத வேண்டுமென்றால் வரைபடத்தையும் நாள்காட்டியையும் திறந்தாக வேண்டும்.

ஏன் ஊட்டியோ கொடைக்கானலோ இல்லை?

தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்குப் போவதுதானே முறை என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். சரியான கேள்வி. ஆனால் "விடுமுறையில் நான் சென்ற இடம்" என்று கட்டுரை எழுதச் சொன்ன ஒவ்வொருவருக்கும் தெரியும், வகுப்பில் ஏழெட்டுப் பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். விடுமுறையில் தம்பியைப் பார்த்துக்கொண்டவர்கள், அம்மாவோடு களை எடுக்கப் போனவர்கள். அவர்களும் ஊட்டி என்று பொய்யாக எழுதுவார்கள், அதை நாமும் திருத்துவோம். ஆஸ்திரேலியாவுக்கு வகுப்பில் யாரும் போனதில்லை, ஆசிரியரும் போனதில்லை. எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து தொடங்குகிறோம்.

பணத்தையும் முதலில் கணக்கில் சேர்ப்பதில்லை. செலவு என்று ஆரம்பித்ததும் சில குழந்தைகள் ஒதுங்கிவிடுகிறார்கள். இந்த விளையாட்டில் செலவழிக்கும் காசு நாள்கள்தான். பதினான்கு நாள் எல்லோருக்கும் பதினான்கு நாள்தான்.

முதல் பாடவேளை: அளவு

ஆஸ்திரேலியாவின் பரப்பு ஏறத்தாழ 77 லட்சம் ச.கி.மீ. தமிழ்நாட்டின் பரப்பு 1.3 லட்சம் ச.கி.மீ. வகுத்துப் பார்த்தால் 59 தமிழ்நாடுகள். இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதினால் யாரும் அசைவதில்லை. அதற்குப் பதிலாக, 1 செ.மீ. = 400 கி.மீ. என்ற அளவில் ஆஸ்திரேலியாவை ஒரு தாளில் வரையுங்கள். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 10 செ.மீ. வரும். அதே அளவில் தமிழ்நாட்டை வெட்டி எடுத்தால் உயரம் ஒன்றரை செ.மீ. மட்டுமே. கட்டைவிரல் நகம் அளவுத் துண்டு. அதைக் குழந்தைகள் கையில் கொடுத்து, வரைபடத்தின்மேல் நகர்த்தச் சொல்லுங்கள். வகுப்பு அமைதியாகிவிடும்.

மக்கள்தொகையை உடனே பக்கத்தில் வையுங்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் 7.21 கோடிப் பேர். அத்தனை பெரிய ஆஸ்திரேலியாவில் இன்று 3 கோடிக்கும் குறைவு. அவர்களும் பெரும்பாலும் கரையோர நகரங்களில், அதிலும் தென்கிழக்கில் குவிந்திருக்கிறார்கள். அப்படியானால் நடுவில் என்ன இருக்கிறது என்ற கேள்வியை மாணவர்களே கேட்பார்கள். பாலைநிலம் பற்றிய பகுதியை அப்போது படிக்கச் சொன்னால் விருப்பத்தோடு படிக்கிறார்கள்.

பயணத்துக்கு ஒரு எளிய கணக்கு வைத்துக்கொள்ளலாம். 500 கி.மீ.க்கு உட்பட்டால் சாலையில் அரை நாள். 1,000 கி.மீ. வரை சாலையில் ஒரு முழு நாள். அதற்கு மேல் விமானம், விமான நிலையக் காத்திருப்பையும் சேர்த்து அரை நாளுக்குக் குறையாமல். நூலை வரைபடத்தின்மேல் வைத்து அளந்து, அளவுகோலில் நீட்டிக் கணக்கிட வேண்டும்.

ஒரு குழு மெல்போர்னில் தொடங்கி டார்வின்வரை காரிலேயே போவதாக எழுதியிருந்தது, அதுவும் இரண்டே நாளில். அந்தக் குழுவில் லாரி ஓட்டுநரின் மகள் ஒருத்தி இருந்தாள். வகுப்பில் அதிகம் பேசாதவள். "எங்கப்பா ராத்திரி பகலா ஓட்டுனாலும் ஒரு நாளைக்கு ஐந்நூறு, அறுநூறுதான் சார் வரும். அவரு நடுவுல தூங்கணும்ல?" என்றாள். நூலை மறுபடி அளந்தார்கள். அடிலெய்டிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரைக்கும் மட்டுமே சாலையில் 1,500 கி.மீ.க்கு மேல். அங்கிருந்து டார்வின் இன்னொரு 1,500. அன்று முதல் அந்தக் குழுவின் கணக்கு அலுவலர் அவள்தான். மூன்று பாடவேளை முழுவதும் மற்றக் குழுக்களும் அவளிடம் போய்க் கேட்டார்கள்.

ரயில் பிடித்தவர்களுக்கு இரண்டு பெயர்கள் சொல்லலாம். சிட்னியிலிருந்து பெர்த் வரை 4,352 கி.மீ. ஓடும் 'இந்தியன் பசிபிக்'. பெயரைக் கேட்டதும் நம் நாட்டு ரயிலா என்பார்கள், அது இரு பெருங்கடல்களைக் குறிக்கும் பெயர். வழியில் நல்லர்பார் சமவெளியில் 478 கி.மீ. வளைவே இல்லாமல் தண்டவாளம் நேராகப் போகிறது. நல்லர்பார் என்றால் இலத்தீனில் மரமில்லாதது என்று பொருள். இன்னொன்று அடிலெய்டிலிருந்து டார்வின் வரை ஓடும் 'கான்'. ஒட்டகங்களோடு வந்து அந்தப் பாலையில் சரக்கு ஏற்றிச் சென்ற, ஆப்கானியர் என்று அழைக்கப்பட்ட ஒட்டகக்காரர்களின் நினைவாக அமைந்த பெயர். நம் கன்னியாகுமரி – திப்ருகர் விவேக் விரைவு ரயிலும் 4,100 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது என்று சொன்னால், அளவு கையில் பிடிபடுகிறது.

இரண்டாம் பாடவேளை: எந்த மாதம்?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நம் காலாண்டு விடுமுறை, அரையாண்டு விடுமுறை, கோடை விடுமுறை ஆகிய மூன்றையும் சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்றைக் கொடுத்துவிடுவேன். அதே நான்கு இடங்கள் மாதம் மாறியதும் கைவிட்டுப் போவதை அவர்களே காண்பார்கள்.

டிசம்பர் கிடைத்த குழு குளிருக்குக் கம்பளி எடுத்து வைத்திருந்தது. தென் அரைக்கோளத்தில் அப்போது கோடை. நடுப்பாலையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வடக்கே மழைக்காலம். கெய்ர்ன்ஸ் கடலோரத்தில் நவம்பர் முதல் மே வரை கொடிய நஞ்சுள்ள சொறிமீன்கள் வரும் காலம் என்பதால், உடலை மூடும் ஆடையோடுதான் கடலில் இறங்குவார்கள். ஆனால் தெற்கே டாஸ்மேனியாவுக்கு அதுதான் நல்ல பருவம்; பகல் 15 மணி நேரம். அதே டாஸ்மேனியாவில் ஜூனில் பகல் ஏறத்தாழ 9 மணி நேரம்தான். புவியின் அச்சுச் சாய்வை இதைவிட எளிதாக நான் விளக்கியதில்லை.

வடக்கே உள்ள காக்கடு தேசியப் பூங்காவுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். ஏறத்தாழ 20,000 ச.கி.மீ. பரப்பு, ஆயிரமாயிரம் ஆண்டுப் பாறை ஓவியங்கள், முதலைகள் வாழும் ஆறுகள். அங்கே ஜிம் ஜிம் என்றொரு அருவி இருக்கிறது. மழைக்காலத்தில் அது முழு வீச்சில் கொட்டும்போது சாலை வெள்ளத்தில் மூழ்கி மூடப்பட்டிருக்கும். வானிலிருந்துதான் பார்க்க முடியும். சாலை திறந்து, வறண்ட காலம் முற்றும்போது அருவி மெலிந்து, சில ஆண்டுகளில் நின்றும் போகும். "அப்ப எப்பத்தான் சார் போறது?" என்று ஒருவன் கேட்டான். அந்தக் கேள்விக்கு வகுப்பு பத்து நிமிடம் விவாதித்தது. சாலை திறந்த உடனே போக வேண்டும் என்று முடிவு செய்தார்கள். குற்றாலத்துக்கு எந்த மாதம் போக வேண்டும் என்று அறிந்த பிள்ளைகளுக்கு இது புதிதல்ல.

நாம் ஆஸ்திரேலியாவுக்கு நான்கு பருவங்கள் என்று எழுதிப் போடுகிறோம். காக்கடு மண்ணின் பூர்வகுடியினரான பினிஞ், முங்குய் மக்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரிக்கிறார்கள். பெருமழை, அதை அடுத்துப் புல்லைச் சாய்க்கும் புயற்காற்று, ஈரமுள்ள இளங்குளிர், குளிர், வெப்பமான வறட்சி, மழைக்கு முந்திய புழுக்கம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று நாமும் ஆறுதான் சொன்னோம். தமிழாசிரியர் அந்த வாரம் பெரும்பொழுதுகளை நடத்துவாரானால் இரண்டு பாடங்களும் ஒன்றையொன்று தாங்கும். ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. மழையை நம்பி வாழ்ந்தவர்கள் வானத்தைக் கவனித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நேர மண்டலத்துக்கு ஒரே ஒரு புதிர் போதும். டிசம்பரில் சிட்னியிலிருந்து ஏறத்தாழ நேர் வடக்கே உள்ள பிரிஸ்பேனுக்குப் போனால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ள வேண்டும். ஏன்? தீர்க்கக்கோட்டைத் தேடித் தோற்பார்கள். சிட்னி உள்ள மாநிலம் கோடையில் கடிகாரத்தை முன்னே நகர்த்துகிறது, பிரிஸ்பேன் உள்ள குயின்ஸ்லாந்து நகர்த்துவதில்லை.

மூன்றாம் பாடவேளை: தேர்வும் வாதமும்

உலுரு பாறையைப் பெரும்பாலான குழுக்கள் தேர்ந்தெடுக்கும். பாலை நடுவே 348 மீ. உயர்ந்து நிற்கும் செந்நிற மணற்கல். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்தே ஏறத்தாழ 450 கி.மீ. என்பதால் போய்வர மூன்று நாளாவது கேட்கும். அதன்மேல் ஏறுவது 2019 அக்டோபர் 26 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. 1985இல் அதே தேதியில்தான் அந்நிலம் அதன் பாரம்பரிய உரிமையாளர்களான அனங்கு மக்களிடம் சட்டப்படி திருப்பி ஒப்படைக்கப்பட்டது. அவர்களுக்கு அது புனித இடம். ஏற வேண்டாம் என்று நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏற முடியலன்னா அவ்வளவு தூரம் எதுக்குப் போகணும்?" என்று ஒரு குழு அதை அடித்துவிட்டது. எதிர்க் குழுவிலிருந்து ஒரு மாணவி, "திருவண்ணாமலைக்குப் போறவங்க எல்லாரும் மலை மேலயா ஏறுறாங்க? சுத்தித்தான வர்றாங்க" என்றாள். உலுருவின் அடிச்சுற்றளவு 9.4 கி.மீ.; சுற்றி நடக்கப் பாதை உண்டு. இரண்டு குழுக்களும் தங்கள் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. நானும் மாற்றச் சொல்லவில்லை. இரண்டு காரணங்களும் தாளில் பதிவாயின, அது போதும்.

பவளத்திட்டு 2,300 கி.மீ. நீளம். நம் கடற்கரையின் நீளம் ஆயிரம் கி.மீ.க்குச் சற்று மேல். கடல்நீர் சூடாகும்போது பவள உயிரிகள் தம்முள் வாழும் பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போகின்றன. 2016, 2017, 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் அங்கே பெருமளவில் வெளுத்தன. "அப்ப சீக்கிரம் போய்ப் பாக்கணும்" என்றது ஒரு குழு. "எல்லாரும் விமானத்துல போனா இன்னும் சூடாகும்ல?" என்றது இன்னொன்று. இராமநாதபுரம், தூத்துக்குடி ஆசிரியர்கள் இங்கே மன்னார் வளைகுடாவுக்குத் தாராளமாகத் திரும்பிவிடலாம். அங்கும் பவளம் உண்டு, அங்கும் வெளுத்திருக்கிறது.

நகரங்களில் சிட்னிக்கே கூட்டம். 1973இல் திறக்கப்பட்ட ஓபரா மாளிகையின் படம் செய்யும் வேலை. கான்பெராவை அநேகமாக எல்லோரும் விட்டுவிடுவார்கள். விட்டதற்குக் காரணம் எழுதும்போது, சிட்னியும் மெல்போர்னும் தலைநகராகப் போட்டியிட்டதால் இடையில் புதிதாகக் கட்டிய நகரம் அது என்பதைப் படித்தாக வேண்டும். விடுபட்ட தலைநகரம் இப்படித்தான் நினைவில் நிற்கிறது. டார்வினைத் தேர்ந்த குழு, அது சிட்னியைவிட ஜகார்த்தாவுக்கு அருகில் இருப்பதை நூலால் கண்டுபிடித்துக் கத்திவிட்டது.

மதிப்பெண் அளிக்கும்போது வண்ணம், கையெழுத்து எதையும் பார்ப்பதில்லை. நாள்கள் 14க்குள் அடங்குகின்றனவா, பருவம் பொருந்துகிறதா, விட்ட இடத்துக்கான காரணம் வரைபடத்திலிருந்து வந்ததா என்ற மூன்றுதான். ஒரு குழுவின் திட்டம் மிக அழகு. கூட்டிப் பார்த்தால் 17 நாள். சிட்னியை விட்டால் சரியாகும் என்றேன். அரை மணி நேரம் சண்டையிட்டு, சிட்னியை வைத்துக்கொண்டு பெர்த்தை விட்டார்கள்.

"நாம போகவா போறோம் சார்?" என்ற கேள்வி எப்படியும் வரும். "நன்றாகப் படித்தால் போகலாம்" என்ற பதிலை நான் சொல்வதில்லை. அது எல்லோருக்கும் உண்மையாகாது என்று பிள்ளைகளுக்கே தெரியும். "போகாவிட்டாலும், அங்கே போய்வந்தவர் தப்பாகச் சொன்னால் உன்னால் கண்டுபிடிக்க முடியும்" என்பேன். லாரி ஓட்டுநரின் மகள் அதற்குள் அடுத்த வேலையைத் தொடங்கியிருந்தாள். அப்பாவிடம் கேட்டு வந்து, நாமக்கல்லிலிருந்து குவாஹாத்தி வரை அவர் போகும் வழியை இந்திய வரைபடத்தில் புள்ளி வைத்து, எந்த மாதம் எந்த ஆற்றங்கரையில் வண்டி நிற்கும் என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

ஏழாம் வகுப்பில் வட அமெரிக்கப் பாடத்துக்குக் கனடாவை வைத்து இதையே செய்யலாம். அங்கே ஆறு நேர மண்டலங்கள், நீண்ட குளிர்காலம். ரஷ்யா என்றால் நேர மண்டலம் 11, நாள்களை 14லிருந்து 20ஆக உயர்த்திக்கொள்ளுங்கள். நிலவரைபடப் புத்தகம் போதாத பள்ளிகளில் ஒரு குழுவுக்கு ஒரு நகல் போதும். நூல் மட்டும் ஆளுக்கொன்று கொடுத்துவிடுங்கள்.